மாலைக்கு முன்னால் நியமனக் கடிதம்



மாமன்னர் பிறந்தநாள், சுல்தான் பிறந்தநாள், கூட்டரசுப் பிரதேச தினம் இவற்றில் ஏதாவதொன்று முடிந்த மறுநாள் ஒரு தமிழ் நாளிதழை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். டத்தோ பட்டம் பெற்றவருக்கு முழுப்பக்க வாழ்த்து விளம்பரம். டான்ஸ்ரீ ஆனவருக்குப் பக்கம் பக்கமாக வாழ்த்து. வாழ்த்துகிறவர் குத்தகையாளர், வாழ்த்தப்படுகிறவர் அந்தக் குத்தகையை வாங்கிக் கொடுத்தவர். இது நமக்குப் பழகிப்போன காட்சி.

அந்தப் பக்கங்களில் ஒரு தோட்டத்து டிரசரின் படத்தை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ஆயாக்கொட்டாயில் முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பால் கலக்கிக் கொடுத்த ஓர் ஆயாவின் படத்தை? அரசாங்க மருத்துவமனை வார்டில் இரத்தமும் வாந்தியும் துடைக்கிற ஓர் அக்காவின் படத்தை?

சமூகச் சுகாதாரப் பணியாளர்களுக்கும் கிராமப்புறச் சுகாதாரப் பணியாளர்களுக்கும் வட்டார அளவில் விருது கொடுத்துக் கௌரவிக்க வேண்டும் என்ற பேச்சு நம் சங்கங்களிலும் அடிக்கடி எழுகிறது. நல்ல பேச்சுதான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபம், ஒரு ஒய்.பி., நான்கு மாலை, ஒரு பரதநாட்டியம், பிறகு பிரியாணி என்று நடத்திவிடலாம். நான் அதற்கு எதிரியல்ல. ஆனால் ஒரு வழக்கறிஞன் என்ற முறையில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. விருது கொடுக்கப்போகும் அந்த மனிதர், காகிதத்தில் யார்? அவர் எங்கே வேலை செய்வதாக எழுதியிருக்கிறது? எத்தனை வருடமாக?

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்லப் போனால், மேடையில் இருக்கும் பாதிப்பேர் எழுந்து போக வேண்டியிருக்கும்.

கிள்ளானில் நடந்தது

கிள்ளானில் குடியிருப்பவர்கள் தங்கள் ஊரின் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

1901-ல் கிள்ளான் நகரிலும், அப்போது போர்ட் சுவெட்டன்ஹம் என்று அழைக்கப்பட்ட இன்றைய கிள்ளான் துறைமுகத்திலும் மலேரியா காய்ச்சல் மக்களை வாரிக்கொண்டு போனது. அந்த ஒரே ஆண்டில் அங்கே 582 பேர் இறந்தார்கள். அதில் காய்ச்சலால் மட்டும் 368 பேர். அந்த ஆண்டு செப்டம்பரில்தான் புதுத் துறைமுகத்தைத் திறந்தார்கள். திறந்த சில வாரங்களிலேயே வேலை செய்ய ஆளில்லாமல் எல்லாரும் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள்.

அப்போது மாவட்ட மருத்துவராக இருந்தவர் மால்கம் வாட்சன். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டுபிடித்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. வாட்சன் அதை நம்பினார். சதுப்பு நிலத்தை வெட்டி வடிகட்டச் சொன்னார். காட்டை அழித்தார்கள், கால்வாய் வெட்டினார்கள், பள்ளங்களை நிரப்பினார்கள். மறு ஆண்டு, 1902-ல், இறப்பு 144 ஆகக் குறைந்தது. அதற்கடுத்த ஆண்டு 115. உலக மருத்துவ வரலாற்றில் கிள்ளானுக்கு ஓர் இடம் கிடைத்தது. வாட்சனுக்கு 1924-ல் 'சர்' பட்டம் கிடைத்தது.

அவருக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. கெட்டிக்காரர், உழைத்தவர். ஆனால் இடுப்பளவு சேற்றில் நின்று அந்தக் கால்வாய்களை வெட்டியவர்கள் யார்? மண்வெட்டி பிடித்தவர்கள் கூலிகள். தமிழர்கள், சீனர்கள், ஜாவாக்காரர்கள். அவர்களையும் அதே கொசுதான் கடித்தது. அவர்களில் ஒருவர் பெயரைக்கூட நீங்களும் நானும் சொல்ல முடியாது.

பிறகு மலைப்பாங்கான ரப்பர் தோட்டங்களில் வேறொரு சிக்கல் வந்தது. அங்கே காட்டை வெட்டவெட்ட மலேரியா கூடியது. வெயில் படுகிற தெளிந்த ஓடைத் தண்ணீரில் வளர்கிற இன்னொரு வகைக் கொசு அங்கே இருந்தது. அதற்கு வாட்சன் கண்ட வழி, தண்ணீரின் மேல் எண்ணெய் தெளிப்பது. எண்ணெய்ப் படலம் மேலே மூடிக்கொண்டால் புழு மூச்சு விட முடியாமல் சாகும். ஆனால் ஒரு தடவை தெளித்தால் போதாது. வாரம் தவறாமல் ஒவ்வொரு ஓடைக்கும், ஒவ்வொரு ஊற்றுக்கும் போய்த் தெளிக்க வேண்டும். எண்ணெய்த் தகரத்தை முதுகில் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக அதைச் செய்த தொழிலாளிகளில் நம் பாட்டன்மார் ஏராளம். காலைப் பிரட்டில் பேர் கூப்பிட்டதும் மற்றவர்கள் பால் வெட்டப் போவார்கள், இவர் எண்ணெய் அடிக்கப் போவார்.

இன்றைய வார்த்தையில் சொன்னால் அவர் ஒரு சமூகச் சுகாதாரப் பணியாளர். அன்றைய கணக்குப் புத்தகத்தில் அவர் ஒரு கூலி. நாள் கூலி.

டிரசர், ஆயா, மருத்துவச்சி

உங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தோட்டத்து டிரசரை நினைவிருக்கும். சில டிரசர்கள் துரைக்குப் பயந்து, காய்ச்சலில் கிடந்தவரையும் வேலைக்கு விரட்டியவர்கள்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. வேறு சிலர் நடுராத்திரியில் டார்ச் லைட்டோடு லயத்துக்கு வந்து பிரசவம் பார்த்தவர்கள். இந்த வேலைக்கென்று 1965-லேயே தனிச் சட்டம் வந்தது. தோட்ட மருத்துவமனை உதவியாளர்கள் பதிவுச் சட்டம் என்று பெயர். ஆகவே டிரசருக்காவது சட்டத்தில் ஒரு பெயர் இருந்தது.

ஆயாவுக்கு என்ன இருந்தது? விடியும் முன் பிள்ளைகளை வாங்கி வைத்துக்கொண்டு, அம்மாக்காரி மரம் வெட்டிவிட்டு வரும்வரை இருபது முப்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் அவள். எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எதற்கு வயிற்றுப்போக்கு, எது பால் குடிக்கவில்லை என்பதை டிரசருக்கு முன்னால் கண்டுபிடித்தவளும் அவள்தான். பெரும்பாலும் வெட்ட முடியாத வயதான பெண்ணுக்கோ கை கால் முடியாதவளுக்கோ கொடுக்கிற வேலை அது. சம்பளமும் அதற்குத் தகுந்தாற்போல.

இந்த இடத்தில் 'கிராமப்புறம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 1950-களிலிருந்து இந்நாட்டின் கிராமப்புறச் சுகாதாரச் சேவை உலகமே பாராட்டும்படி வளர்ந்தது. கம்போங்கில் கிளினிக் டேசா வந்தது, பயிற்சி பெற்ற தாதி வந்தார், கிராமத்து பிடானுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் தோட்டம் 'கிராமப்புறம்' ஆகவில்லை. அது தனியார் நிலம், கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டார்கள். காட்டுக்கு நடுவில் இருந்தோம், மின்சாரம் இல்லை, நல்ல தண்ணீர் இல்லை. ஆனாலும் நாம் கிராமத்தார் இல்லை! நகரத்தாரும் இல்லை. அரசாங்கக் கோப்பில் நமக்கு இருக்க இடமே இல்லை.

கிராமப்புறச் சுகாதாரப் பணியாளர் விருது என்று ஒன்று வரும்போது, தோட்டத்து ஆயா அதில் அடங்குவாளா என்று முதலில் கேளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். விதிமுறையில் 'கிளினிக் டேசா ஊழியர்' என்று எழுதியிருந்தால் அவள் அங்கேயே கழிந்துவிடுகிறாள்.

பிறகு தோட்டங்கள் போயின. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் ஆனது, பிராங் பெசார் புத்ராஜெயா ஆனது. தோட்டம் போனபோது டிரசரும் போனார், ஆயாக்கொட்டாயும் போனது. ஆயாவின் மகள் மலிவு விலை அடுக்குமாடிக்குக் குடிவந்தாள். படிப்பு ஆறாம் வகுப்பு, அல்லது மூன்றாம் படிவம். அவளுக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று மருத்துவமனைத் துப்புரவு.

சட்டம் எங்கே ஒளிந்துகொள்கிறது

1996 வரை அரசாங்க மருத்துவமனையில் தரை துடைப்பது அரசாங்க வேலை. பென்ஷன் உண்டு, மருத்துவ வசதி உண்டு. அந்த ஆண்டு அக்டோபரில் அரசாங்கம் ஓர் ஒப்பந்தம் போட்டது. துப்புரவு, துணி வெளுப்பது, மருத்துவக் கழிவு அகற்றுவது, கருவிப் பராமரிப்பு, கட்டடப் பராமரிப்பு ஆகிய ஐந்து வேலைகளையும் நாட்டை மூன்றாகப் பிரித்து மூன்று நிறுவனங்களிடம் 15 ஆண்டுகளுக்கு ஒப்படைத்தது. 1997-லிருந்து அமலுக்கு வந்தது. அந்த நாளிலிருந்து வார்டைத் துடைக்கிறவர் மருத்துவமனையின் ஊழியர் இல்லை. மருத்துவமனைக்குள் நடமாடும் வெளியாள். பள்ளிக்கூடங்களிலும் அரசாங்க அலுவலகங்களிலும் துப்புரவு வேலையும் காவல் வேலையும் இதே வழியில் குத்தகைக்குப் போயின.

இதில் சட்டரீதியாக என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வீட்டில் யாராவது இந்த வேலையில் இருந்தால் இரண்டு முறை படியுங்கள்.

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் இரண்டு வருடத்துக்குள் இருப்பவருக்கு ஆண்டு விடுப்பு 8 நாள். இரண்டிலிருந்து ஐந்து வருடம் வரை 12 நாள். ஐந்து வருடத்துக்கு மேல் 16 நாள். மருத்துவ விடுப்பும் அப்படித்தான் 14, 18, 22 என்று ஏறும். ஆட்குறைப்பு செய்தால் கொடுக்க வேண்டிய நட்ட ஈடும் அப்படியே. இரண்டு வருடத்துக்குக் குறைந்தால் வருடத்துக்குப் 10 நாள் சம்பளம், ஐந்து வருடம் வரை 15 நாள், அதற்கு மேல் 20 நாள். ஆக, சட்டம் கொடுக்கும் எல்லாமே 'எத்தனை வருடம்' என்ற ஒரே ஆணியில் தொங்குகிறது.

இப்போது அந்த ஆணியைப் பிடுங்குகிறார்கள். குத்தகைத் தவணை முடிகிறது, வேறு நிறுவனம் வருகிறது. அல்லது பெரிய நிறுவனம் தன் துணைக் குத்தகையாளரை மாற்றுகிறது. அதே பெண், அதே வார்டு, அதே வாளி. சட்டையின் நிறம் மட்டும் மாறுகிறது. அவள் கையில் புதுக் கடிதம் ஒன்றைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். கையெழுத்துப் போட்ட நிமிடம் அவளுடைய பழைய வருடங்கள் காற்றில் போகின்றன. அவள் மறுபடியும் 8 நாள் விடுப்புக்காரி.

ஒரு தொழிலின் உடைமை கைமாறினால் வேலைத் தொடர்ச்சியைக் காப்பாற்ற 1980-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் வழி இருக்கிறது. ஆனால் குத்தகை மாறுவதை உடைமை மாறுவதாக அவர்கள் ஒத்துக்கொள்வதில்லை. பழைய நிறுவனம் விற்கப்படவில்லை, டெண்டரில் தோற்றுவிட்டது, அவ்வளவுதான் என்பார்கள். நட்ட ஈடு கேட்டால், தவணை முடிந்தது, நீக்கவில்லையே என்பார்கள்.

சில காலத்துக்கு முன் கிள்ளான் பக்கத்திலிருந்து ஓர் அம்மா என்னிடம் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் ஐந்து நியமனக் கடிதங்கள், நான்கு நிறுவனப் பெயர்கள், வேலை இடம் ஒன்றே. 19 வருடம். கடைசிக் கடிதத்தின்படி அவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "தம்பி, நான் புது ஆளா, பழைய ஆளா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

கணக்குப் பாருங்கள். 19 வருடத்துக்கு 20 நாள் வீதம் 380 நாள் சம்பளம். ஒரு வருடச் சம்பளத்துக்கும் மேலே. காகிதத்தின்படி ஒரு வருடம்கூட ஆகாததால் அவருக்கு ஒரு நாள் சம்பளம்கூட இல்லை.

அதே பையில் பிளாஸ்டிக் உறை போட்ட இன்னொரு காகிதமும் இருந்தது. கோவிட் காலத்தில் கொடுத்த பாராட்டுச் சான்றிதழ். அதில் மலாய் மொழியில், அவருடைய நீண்டகாலச் சேவைக்கு நன்றி என்று அச்சடித்து நிறுவனத்தின் மேலாளர் கையெழுத்திட்டிருந்தார். அவர் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தாராம், என்னிடம் காட்டக் கழற்றிக்கொண்டு வந்திருந்தார். நான் அதைத்தான் முதலில் நகல் எடுத்தேன். நிறுவனம் ஒரு கையால் 'நீண்டகாலம்' என்று எழுதியிருக்கிறது, மறுகையால் 'புதியவர்' என்று எழுதியிருக்கிறது. கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு விடுப்பு நாள்களை மட்டும் சரிசெய்து கொடுத்தார்கள். நியமனக் கடிதத்தை மாற்றவே இல்லை.

யாருக்கு விருது, யாருக்கு விலங்கு

அரசாங்க ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் 'அனுகெரா பெர்கிட்மாதான் செமெர்லாங்' என்ற சிறந்த சேவை விருது கொடுக்கிறார்கள். நம் வீட்டுத் தாதியர், ஆசிரியர் பலர் வாங்கியிருக்கிறார்கள், பெருமையான விஷயம். குத்தகைத் துப்புரவாளருக்கு அது கிடைக்காது. அவர் சரியாகத் துடைக்கவில்லை என்பதால் அல்ல. அவர் அரசாங்க ஊழியர் இல்லை என்பதால். மருத்துவமனையே தன் ஆள் இல்லை என்று சொல்லிவிட்ட ஒருவருக்கு, அந்த மருத்துவமனை எப்படி விருது கொடுக்கும்?

2020-ஐ நினைத்துப் பாருங்கள். ஊரடங்கில் எல்லாரும் முன்களப் பணியாளர்களுக்குக் கை தட்டினோம், விளக்கேற்றினோம். அதே ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு வெளியே, துப்புரவுத் தொழிலாளர்களுக்கு நியாயம் கேட்டு அவர்களுடைய தொழிற்சங்கம் அமைதியாக மறியல் செய்தது. போலீஸ் வந்து ஐந்து பேரைக் கைது செய்தது. ஓர் இரவு லாக்கப். மறுநாள் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு. கைதட்டல் அடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, தோழர்களே!

இது தமிழர்களுக்கு மட்டும் நடக்கிற அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் துடைப்பத்தைப் பிடித்திருப்பவர்களில் மலாய்க்கார அக்காக்களும் நிறையப் பேர். 2016 கடைசியிலிருந்து இளம் மருத்துவர்களையே ஒப்பந்தத்தில் எடுத்து, 2021 ஜூலை 26-ல் அவர்கள் வெளிநடப்புச் செய்ததையும் பார்த்தோம். ஆனால் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு, வேறு வாசல் இல்லாமல் இந்த வேலைக்குள் வந்த சமுதாயம் நம்முடையது. அம்மா ஆயா, மகள் துப்புரவாளர், பேத்தியும் அதே சட்டையைப் போடுகிறாள் என்றால், அதற்குத் தலைவிதி என்று பெயர் வைக்க நான் தயாரில்லை.

இந்தியாவில் 2022-ல் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டு மே 22-ஆம் தேதி, ஜெனீவாவில், உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநர் உலகச் சுகாதாரத் தலைவர்கள் விருதை ஆறு தரப்புக்கு அறிவித்தார். அதில் ஒன்று இந்தியாவின் ஆஷா பணியாளர்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள். கர்ப்பிணிகளை மருத்துவமனைக்குக் கூட்டிப் போவது, தடுப்பூசி போட வைப்பது, கோவிட் காலத்தில் வீடு வீடாக ஏறி இறங்குவது எல்லாம் அவர்கள்தான். இதைவிடப் பெரிய விருது ஒரு கிராமத்துச் சுகாதாரப் பணியாளருக்குக் கிடைக்க முடியுமா?

கிடைத்தது. பிறகு என்ன? 2005-ல் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து அவர்களுக்குச் சட்டத்தில் பெயர் 'தன்னார்வலர்'. சம்பளம் கிடையாது, மதிப்பூதியமும் ஊக்கத்தொகையும்தான். விருது வந்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. கேரளாவில் 2025 பிப்ரவரி 10-ஆம் தேதி ஆஷா பணியாளர்கள் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கக் கேட்டார்கள். வெயிலிலும் மழையிலும் இருந்தார்கள், சிலர் தலையை மழித்துக்கொண்டார்கள். எட்டு மாதம் தாண்டிய பிறகு கிடைத்தது 1,000 ரூபாய் உயர்வு. அதுவும் ஓர் இடதுசாரி அரசாங்கத்திடமிருந்து. தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்கும் 2024-ல் ஐ.நா. விருது வந்தது. வீட்டுக்கு வீடு மாத்திரை கொண்டுபோகிற பெண்களின் பெயர் அங்கேயும் 'மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்'. தன்னார்வலர் என்ற சொல்லைக் கண்டால் இனி கொஞ்சம் சந்தேகப்படுங்கள். சம்பளம் கொடுக்க மனமில்லாத இடத்தில்தான் இந்தச் சொல் அதிகம் புழங்குகிறது.

பிறகு ஏன் விருதே வேண்டாம் என்று சொல்லவில்லை

நண்பர்கள் சிலர் என்னிடம், "எதையும் குறை சொல்லாதீர்கள், கொடுக்கிறதையாவது கொடுக்கட்டும்" என்கிறார்கள். விருது ஒரு மனிதருக்கு உள்ளுக்குள் என்ன செய்கிறது என்பது எனக்குத் தெரியும். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த அந்தச் சான்றிதழை நான் மறக்கவில்லை. தவிர, விருது சில நேரம் கவசமாகவும் நிற்கும்.

ஐரின் பெர்னாண்டஸ் அம்மையாரை உங்களுக்குத் தெரியும். தெனகானித்தா அமைப்பை நடத்தியவர். தோட்டங்களில் பராகுவாட் களைக்கொல்லி தெளிக்கிற பெண்களின் நிலையை 2002-ல் ஓர் ஆய்வாக வெளியே கொண்டுவந்ததில் அந்த அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. நகம் அழுகிப்போன, மூக்கில் இரத்தம் வடிந்த, கண் எரிந்த பெண்கள். நம் பெண்கள். குடியேறிகள் தடுப்பு முகாம்களின் கொடுமையை 1995-ல் எழுதியதற்காக அவர் மீது வழக்குப் போட்டு, 2003-ல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் இருந்தபோது, 2005-ல், மாற்று நோபல் என்று அழைக்கப்படுகிற ரைட் லைவ்லிஹுட் விருது அவருக்குக் கிடைத்தது. உள்ளூரில் குற்றவாளி, உலகத்தில் மரியாதைக்குரியவர். 2008-ல் அவர் விடுதலையானார். விருதால்தான் விடுதலை என்று சொல்லவில்லை. ஆனால் உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாமல் போகவில்லை. பராகுவாட்டை 2002-ல் தடை செய்வதாகச் சொல்லி, 2006-ல் திரும்ப அனுமதித்து, கடைசியில் 2020 ஜனவரி 1-லிருந்துதான் முழுத் தடை வந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 2014-ல் காலமாகிவிட்டார்.

ஆகவே விருது கொடுக்கட்டும். ஆனால் எப்படிக் கொடுப்பது என்று நாம் சொல்வோம். குத்தகைத் தொழிலாளரும் தகுதியுள்ளவர் என்று விதியில் எழுதியிருக்க வேண்டும். தோட்டத்து ஆயா, டிரசர், மருத்துவச்சி, களைக்கொல்லி தெளித்தவர், வார்டு துடைக்கிறவர் என எல்லாரும் சுகாதாரப் பணியாளர்களே என்று எழுதியிருக்க வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலும் எழுதிக் கொடுக்க இடமிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சான்றிதழில் 'நற்சேவைக்கு நன்றி' என்ற பொத்தாம்பொதுவான வரி கூடாது. இன்னார், இன்ன மருத்துவமனையில், இன்ன வார்டில், இத்தனையாம் ஆண்டு முதல் தொடர்ந்து இத்தனை வருடம் வேலை செய்தார் என்று எழுத வேண்டும். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் குத்தகையாளர் அல்ல, மருத்துவமனை இயக்குநர்.

கேட்டுப் பாருங்கள். மாலை போட முந்திக்கொண்டு வந்தவர்கள் பேனாவை எடுக்கும்போது தயங்குவார்கள். ஏனென்றால் அந்த ஒரு வரி, அடுத்த வாரமே தொழில் நீதிமன்றத்தில் சாட்சிப் பத்திரம் ஆகிவிடும் என்பது அவர்களுடைய வழக்கறிஞர்களுக்குத் தெரியும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் குத்தகைத் துப்புரவு வேலையில் இருப்பவரை உட்கார வைத்து இவற்றைச் செய்யுங்கள். கே.டபிள்யூ.எஸ்.பி. கணக்கின் பழைய அறிக்கைகளை எடுங்கள். எந்த மாதம் எந்த நிறுவனம் பணம் கட்டியது என்று அதில் இருக்கும். இடைவெளி இல்லாமல் மாதங்கள் ஓடுவதே வேலை தொடர்ந்ததற்கு முதல் ஆதாரம். பெர்க்கெசோ பதிவையும் எடுங்கள். பழைய நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பழைய சட்டையின் பெயர் அட்டை, வார்டில் எடுத்த படம், தீபாவளி விருந்துப் படம் எதையும் தூக்கி எறியாதீர்கள். புதுக் கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால், முதலில் ஒரு நகல் கேளுங்கள். கையெழுத்துக்குக் கீழே 'முந்தைய சேவை உரிமைகளை விட்டுக்கொடுக்காமல்' என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம், சட்டத்தில் அதற்குத் தடையில்லை.

திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்ட தவணை ஒப்பந்தம் உண்மையில் நிரந்தர வேலைதான் என்று 2020-ல் கூட்டரசு நீதிமன்றம் அஹ்மாட் ஸாஹ்ரி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அது ஒரே குழுமத்தைச் சேர்ந்த நிறுவனங்கள் சம்பந்தப்பட்ட வழக்கு. முற்றிலும் வேறு குத்தகையாளருக்கு மாறியவர்களுக்கு அது அப்படியே பொருந்தாது. அந்த அடுத்த படியை ஏற ஒரு வழக்கு வேண்டும். அதற்கு ஆதாரத்தோடு ஒருவர் வர வேண்டும்.

வேலையை விட்டு நிறுத்தினால் 60 நாளுக்குள் தொழிலியல் உறவுத் துறையில் மனு கொடுக்க வேண்டும். 61-வது நாள் போனால் கதவு மூடியிருக்கும். சம்பள பாக்கிக்கும் விடுப்புப் பணத்துக்கும் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம், அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் இல்லை. புகாரை மலாய் மொழியில் எழுதத் தெரியவில்லை என்றால் அருகிலுள்ள தொழிற்சங்கத்தையோ எங்கள் தோழர்களையோ கேளுங்கள், எழுதிக் கொடுப்பார்கள். வரும்போது அந்தப் பிளாஸ்டிக் பையை மறக்காமல் கொண்டு வாருங்கள். சுவரில் மாட்டியிருக்கிற சான்றிதழையும் கழற்றிக்கொண்டு வாருங்கள்.